ஐம்பது சைக்கிள்

கட்டபெட்டுக்குக் கீழே, கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டில்
ஜப்பான்காரர்கள் படம் எடுத்தார்கள், பதினோரு நாள்.
ஜெனரேட்டர் என்னுடையது,
கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போய்வந்த பதினைந்து கேவிஏ.
சத்தம் ஆகாதென்று
மேட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளச் சொன்னார் டைரக்டர்.

அங்கே ஒருவன் தினமும் வந்து
டீசல் புகையோரம் உட்கார்ந்தான்.
நடிகன் என்றார்கள். தெட்சுரோ.
அறுபத்திரண்டு வயது, காதில் ஓட்டை, கம்மல் இல்லை.

மொழிபெயர்க்கக் கிருபாவதி,
கோயம்புத்தூர் உதிரிபாகக் கம்பெனியில் ஜப்பானியம் படித்தவள்.
நட்டுக்கும் போல்ட்டுக்கும் அவளிடம் சொல் உண்டு,
பாட்டுக்கு இல்லை.

எஞ்சினைக் காட்டி, எத்தனை என்று கேட்டான்.
ஐம்பது சைக்கிள் என்றேன்.
ஐம்பது மிதிவண்டி என்று சொல்லிவிட்டாள்.
மேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சிரித்துச் சிரித்து இருமினான்.

அவன் நாட்டில் மேற்கே கரண்ட் அறுபது, கிழக்கே ஐம்பதாம்.
ஒசாகாவில், மீன் கிடங்கின் மாடியில்,
பத்தொன்பது வயதில் மூன்று பேர், ஒரு ஓட்டை ஆம்ப்ளிஃபயர்.
அதன் இரைச்சலோடு சுருதி சேர்த்துத்தான்
முதல் பாட்டை எழுதினான்.
டோக்கியோ போனதும் இரைச்சல் இறங்கிப்போனது.
அதே கிதார், அதே விரல்,
பாட்டு மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி முழித்தது.

மூன்று ரெக்கார்டு. இரண்டாவது ஓடியது.
டிரம்ஸ்காரன் மதம் மாறினானா ஊர் மாறினானா,
கிருபாவதிக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை.
போனான், அவ்வளவுதான்.
இருமல் மருந்துக்கு எழுதிய பதினைந்து விநாடிப் பாட்டு
இன்றுவரை சோறு போடுகிறது.
அப்புறம் சினிமா.
இருபத்தாறு படம், பத்தொன்பதில் செத்தான்.
"நன்றாகச் சாவேன்" என்றான்,
நன்றாக மீன் குழம்பு வைப்பேன் என்கிற குரலில்.

இந்தப் படத்தில் சாவு இல்லை.
காணாமல்போன தம்பியைத் தேடிவந்த அண்ணன்.
வசனம் ஒன்பது வரி,
மீதி நேரமெல்லாம் மஞ்சைப் பார்க்க வேண்டும்.
மஞ்சோ காமிராவையும் சேர்த்து மூடிக்கொண்டு
மூன்று நாள் யாரையும் யாருக்கும் காட்டவில்லை.

கடைசி ராத்திரி
கோத்தகிரி சர்ச் பாடகர்களின் கிதாரும் ஆம்ப்ளிஃபயரும்
ஜீப்பில் வந்திறங்கின.
யார் கேட்டார், யார் கொடுத்தார், தெரியாது.
நாங்கள் ஒன்பது பேர்.
கீழ்வரிசையில் ஒரு காட்டெருமை, அசையாமல்.

செருகினான். உம்ம்ம் என்றது.
அந்த உம்முக்கே கம்பிகளை இறக்கிக்கொண்டு பாடினான்.
நல்ல குரல் என்று பொய் சொல்ல மாட்டேன்,
தகர டப்பாவில் சரளை உருள்கிற குரல்.
ஆனால் இரைச்சல் தரை போலக் கிடந்தது,
அதன்மேல் வெறுங்காலோடு நடந்தான்.

முள் சிவப்புக்கு வந்ததை நான்தான் பார்த்தேன்.
பங்க் பூட்டியாயிற்று. கேனில் இரண்டு லிட்டர்.
ஊற்றினேன். இன்னும் சில பாட்டு.
வறளவிட்டால் குழாயில் காற்றேறும்,
அதை எடுக்க அரை நாள்.
தெரிந்துதான் நிறுத்தவில்லை.

எஞ்சின் திணறியது.
ஆயிரத்து ஐந்நூறு சுற்று, நானூறு, முந்நூறு…
பல்பு மஞ்சளாகிப் பழுப்பாகி
உம் படியிறங்கியது.
விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன்.
முறுக்காணியைத் தளர்த்தித் தளர்த்தி
குரலையும் கூடவே இறக்கிப்போனான்,
செங்குத்துச் சரிவில் மூட்டைக்காரன்
குதிகால் ஊன்றி இறங்குவது போல.
இருட்டில் கடைசியாக நின்றது
எஞ்சினா அவனா,
ஒன்பது பேரும் ஒன்பது விதமாகச் சொல்கிறோம்.

யாரும் கைதட்டவில்லை. எருமை தும்மியது.
கடைசிப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்றேன்.
கிருபாவதி கொஞ்சம் யோசித்து,
"படுக்கும் முன் இரண்டு கரண்டி" என்றாள்.
இருமல் மருந்துப் பாட்டு.
பதினைந்து விநாடியை ஏழு நிமிஷம் நடத்தியிருக்கிறான்.

பில்லில் பதினோரு நாள் வாடகை போட்டேன்.
இரண்டு லிட்டரை எழுதலாமா என்று
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
எழுதினேன்.
கொடுத்துவிட்டார்கள்.